தேடினால் கிடைக்கிறோமா?

இணையதளம் வைத்திருக்கும் உழவர்களுக்கு ஓர் அனுபவப் பகிர்வு



போன வருடம் தை மாதம் ஒரு போன் வந்தது. சென்னையிலிருந்து ஓர் அம்மா பேசினார். "சார், உங்க மாப்பிள்ளைச் சம்பா ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கிலோ 190 ரூபாய்ங்கிறது எங்களுக்குக் கட்டுப்படியாகல. கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் விற்பது கிலோ 95 ரூபாய்க்கு. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்களிடம் மூட்டைக் கணக்கில் அரிசி எடுக்கும் ஒரு வியாபாரி, அதைத் தன் பெயரில் பாக்கெட் போட்டு இணையத்தில் விற்கிறார். மூட்டைக்குள் நாங்கள் போடும் துண்டுச் சீட்டு ஒன்று தப்பித்தவறி அந்த அம்மாவின் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. சீட்டில் என் நம்பர்.

"எங்களுக்கே வெப்சைட் இருக்கும்மா. அதுலயே வாங்கியிருக்கலாமே" என்றேன்.

"தேடிப் பார்த்தேன் சார். மன்னார்குடி மாப்பிள்ளைச் சம்பான்னுதான் போட்டேன். உங்க பேரு வரவே இல்லையே."

வியாபாரி மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். எங்கள் அரிசியைத் தேடிய ஒருவருக்கு மற்ற எல்லோரும் கிடைத்து, விளைவித்த நாங்கள் மட்டும் கிடைக்கவில்லையே என்பதுதான் மனதை அரித்தது.

ஏனென்றால், எங்கள் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே அதற்கு 8 மாதம் முன்னால் குழுவின் பொதுப் பணத்திலிருந்து 22,000 ரூபாய் கொடுத்திருந்தோம். கொடுக்கச் சொன்னதே நான்தான்.

22,000 ரூபாய் போன கதை

34 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மூன்றரை ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறேன். 11 குடும்பங்கள் சேர்ந்த குழு எங்களுடையது. வங்கியில் இருந்தவர் என்பதால் கணக்கு என் பொறுப்பு. இணையதளம் போட்ட சில வாரத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "சார், உங்க தளத்தை 500 தேடுபொறிகள்ல பதிவு செஞ்சு தர்றோம். 30 நாள்ல ஆர்கானிக்காவே முதல் பக்கம் வந்துரும்."

ஆர்கானிக் என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம் விவசாயத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். விளம்பரக் காசு கொடுக்காமல் தானாக வரும் விடைகளை அவர்களும் ஆர்கானிக் என்றுதான் சொல்கிறார்கள்!

வங்கியில் 50,000 ரூபாய் பயிர்க்கடன் கேட்டு வந்தவரிடம் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே, வேறு வங்கியில் கடன் இல்லை என்ற சான்று எங்கே என்று துருவித் துருவிக் கேட்டவன் நான். இங்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

போன் வந்த விஷயத்தைக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் குழுவில் மூத்தவர், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். கோபப்படாமல் கேட்டார்: "தம்பி, 500 தேடுபொறின்னு சொன்னாரே. அதுல ஒரு பத்துக்காவது பேரு சொல்லுங்க பாப்போம்."

எனக்குக் கூகுள் தெரியும். யாகூ தெரியும். மூன்றாவது பெயர் வாயில் வரவில்லை. அன்றைக்குத் தலைகுனிந்தவன், அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை வரை வந்திருக்கிறேன். உங்களில் பலர் இணையதளம் போட்டிருக்கிறீர்கள், பலர் போடப் போகிறீர்கள். எங்கள் 22,000 ரூபாய் உங்களுக்காவது பயன்படட்டும்.

பூட்டிய கதவு

அந்த மாதமே அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். திண்ணையில் உட்கார்ந்து என் மடிக்கணினியைத் திறந்தான்.

"மாமா, முதல்ல உங்க தளம் கூகுளோட புத்தகத்துல இருக்கான்னு பாக்கணும்" என்று சொல்லி, தேடும் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் தளத்தின் முகவரியைப் போட்டான். ஒரு பக்கம்கூட வரவில்லை.

பிறகு தளத்தின் உள்ளே போனான். எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. அதில் 'செட்டிங்ஸ்' என்ற இடத்தில் 'ரீடிங்' என்ற பகுதி இருக்கிறது. அங்கே, தேடுபொறிகள் இந்தத் தளத்தைத் தங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் விழுந்திருந்தது. தளம் கட்டும்போது அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாம் என்று டிக் போட்டிருக்கிறார்கள். முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள்.

"கடையைத் தொறந்து வச்சுட்டு வாசல்ல 'உள்ளே வராதே'ன்னு போர்டு மாட்டியிருக்கீங்க மாமா" என்றான்.

8 மாதம்! அந்த டிக்கை எடுக்க அரை நிமிஷம் ஆகவில்லை. செலவு பூஜ்யம். 500 இடத்தில் பதிவு செய்வதாகச் சொன்னவர்கள் ஒரு முறை எங்கள் கதவைத் தட்டிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டுரையை இத்தோடு மூடி வைப்பவர்கள்கூட, இன்றைக்கு ராத்திரி அந்த 'சைட்' சோதனையை மட்டும் செய்து பாருங்கள்.

முதல் வகை: ரோபோ படிக்கும் தேடுபொறி

கூகுள், பிங் இரண்டும் இந்த வகை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு ஆகியவையும் அப்படியே. இவற்றிடம் தானாக ஓடும் ஒரு நிரல் இருக்கிறது. சிலந்தி என்றும் ரோபோ என்றும் சொல்கிறார்கள். கூகுளின் ரோபோவுக்குப் பெயர் கூகுள்பாட். இது ஒரு பக்கத்தைப் படிக்கும், அதில் உள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்தது. ஆமை நகர்வதுபோல ஓயாமல் நடக்கிற வேலை.

படித்ததையெல்லாம் அட்டவணை ஆக்கி வைத்துக்கொள்கிறது. பெரிய புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் இருக்குமே, அதுபோல. நாம் தேடும்போது அது உலகம் முழுவதும் ஓடித் தேடுவதில்லை. ஏற்கனவே எழுதி வைத்த இந்தப் பேரேட்டைப் புரட்டுகிறது. பேரேட்டில் நம் பெயர் ஏறாவிட்டால் நாம் இல்லை. அவ்வளவுதான்.

அடுத்தது, யாரை முதலில் காட்டுவது? 1998-ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கேய் பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது கண்டுபிடித்த வழி எனக்கு உடனே புரிந்தது. ஒரு தளத்தை எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகின்றன, சுட்டுகிறவர்களின் மதிப்பு என்ன என்று பார்ப்பது. வங்கியில் நாங்கள் ஜாமீன் கேட்பதும் இதே கணக்கு. ஜாமீன் போட பத்து பேர் வந்தாலும், ஊரில் நாணயமான ஒருத்தர் போடும் கையெழுத்துக்குத் தனி எடை. இன்றைக்குக் கூகுள் இதோடு நூற்றுக்கணக்கான விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் ஜாமீன் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறது.

இந்தப் பேரேட்டில் ஏறக் காசு கிடையாது. தானாக வரும் விடைகளில் மேலே காட்டக் கூகுளுக்கு யாரும் பணம் கட்ட முடியாது. முதலிடம் வாங்கித் தருகிறேன் என்று உறுதி சொல்கிறவர், தன் கையில் இல்லாத சரக்கை விற்கிறார் என்று பொருள்.

இரண்டாம் வகை: ஆள் வைத்து எழுதிய பட்டியல்

அந்த நிறுவனம் எங்களுக்கு ஓர் எக்ஸெல் பட்டியல் அனுப்பியிருந்தது. பதிவு செய்த இடங்கள் என்று வரிசையாகப் பெயர்கள். அப்போது பார்க்காததை மருமகனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆல்டாவிஸ்டா என்று இருந்தது. 1995-ல் வந்து பேர் பெற்ற தேடுபொறி, 2013-லேயே மூடிவிட்டார்கள். யாகூ டைரக்டரி என்று இருந்தது. அது 2014-ல் மூடியாயிற்று. டிமாஸ் என்று இருந்தது. அது 2017-ல் போனது.

இறந்துபோனவர் பெயரில் கடன் எழுதிய கதை வங்கியில் கேள்விப்பட்டிருக்கிறேன். என் சொந்தக் கணக்கிலேயே நடக்கும் என்று நினைக்கவில்லை.

இவற்றில் யாகூ டைரக்டரியும் டிமாஸும் தனி வகை. ரோபோ கிடையாது. மனிதர்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, தலைப்பு வாரியாகப் பட்டியல் போட்டார்கள். 1994-ல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட ஆரம்பித்ததுதான் யாகூ. டிமாஸ் 1998-ல் தொடங்கியது, தன்னார்வலர்கள் நடத்தியது. அந்தக் காலத்தில் 'பதிவு செய்வது' என்பதற்கு உண்மையிலேயே அர்த்தம் இருந்தது. விண்ணப்பம் போட்டால் ஒரு மனிதர் பார்த்துச் சேர்ப்பார். தளங்கள் கோடிக்கணக்கில் பெருகியதும் மனிதக் கையால் முடியவில்லை. அந்தப் பழைய வழக்கத்தைச் சொல்லித்தான் இன்றைக்கும் காசு வாங்குகிறார்கள்.

ஆனால் ஆள் வைத்து எழுதும் பட்டியல் முழுக்கச் செத்துவிடவில்லை. இயற்கை உழவர் அமைப்புகள், நுகர்வோர் குழுக்கள், விதைச் சேகரிப்பாளர்கள் தங்கள் தளங்களில் உழவர் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் இடம் கிடைத்தால், பார்க்க வருகிறவர்களும் நேராக வருவார்கள், ரோபோவுக்கும் அது நாணயமான ஜாமீன். இதற்குக் கேட்டால் போதும், காசு வேண்டாம்.

மூன்றாம் வகை: கடன் வாங்கிக் காட்டுபவை

சில தேடுபொறிகளிடம் சொந்தப் பேரேடு கிடையாது, அல்லது சின்னதாக இருக்கும். அடுத்தவர் பேரேட்டை வாங்கி நமக்குக் காட்டும். 1995-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான மெட்டாகிராலர் இப்படித்தான். நம் கேள்வியைப் பல தேடுபொறிகளுக்கு அனுப்பி, வந்த விடைகளைக் கலந்து கொடுத்தது.

இன்றைக்கு யாகூவில் தேடினால் வருவது பெரும்பாலும் பிங்கின் விடை. நம் தேடலை வேவு பார்க்காது என்று பெயர் வாங்கிய டக்டக்கோவும் பெரும்பகுதி பிங்கிடமிருந்துதான் எடுக்கிறது. ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்து எடுக்கிறது. பிரேவ் போன்ற சிலர் மட்டும் தனிப் பேரேடு வைத்திருக்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன? ரொம்ப முக்கியமான விஷயம் இருக்கிறது. 500 கதவைத் தட்ட வேண்டியதில்லை. கூகுள், பிங் என்ற இரண்டு வாசலில் சரியாகப் பெயர் கொடுத்தால் மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஏரியில் தண்ணீர் வந்தால் மதகு மதகாகப் போய்க் கெஞ்ச வேண்டாமே!

இரண்டு வாசலுக்கும் இலவசக் கருவி இருக்கிறது. கூகுளுக்குச் 'சர்ச் கன்சோல்', பிங்குக்கு 'வெப்மாஸ்டர் டூல்ஸ்'. தளம் நம்முடையது என்று நிரூபித்துவிட்டு, 'சைட்மேப்' என்கிற பக்கப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கூகுளில் முடித்துவிட்டால், அந்த விவரங்களைப் பிங் அப்படியே இழுத்துக்கொள்ள வசதி உண்டு. எங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் ஆனது.

நான்காம் வகை: ஏலம் போடும் இடம்

கூகுளில் தேடினால் சில விடைகளின் தலையில் 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். அது காசு கொடுத்து வாங்கிய இடம். 1998-ல் கோடூ டாட் காம் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த ஏல முறையைக் கொண்டுவந்தது. ஒரு சொல்லுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் மேலே. யாராவது சொடுக்கினால் மட்டும் காசு. 2000-ல் கூகுளும் இந்த விளம்பரத் தொழிலில் இறங்கியது. இப்போது ஏலத் தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் பார்க்கிறார்கள்.

இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டு இறங்குங்கள். நான் என் சொந்தக் காசில் 3,000 ரூபாய் போட்டுப் பார்த்தேன். ஒரு சொடுக்குக்கு ஏறக்குறைய 8 ரூபாய் போனது. 375 பேர் வந்தார்கள். வாங்கியவர்கள் 6 பேர். ஆளுக்கு 500 ரூபாய் செலவு. 5 கிலோ அரிசியில் எங்களுக்கு நிற்பது 100 ரூபாய். அந்த 6 பேரும் திரும்பத் திரும்ப வாங்கினால்தான் கட்டும்.

கடன் வாங்கி அறுவடைக்கு முன்னால் வட்டி கட்டுவது மாதிரிதான் இது. பணம் நின்ற அன்றைக்கு நம் பெயரும் நிற்கும். புதுசாக விதைத் திருவிழா நடத்துகிறோம், பத்து நாளில் ஆள் சேர வேண்டும் என்றால் சரி. வருடம் முழுவதும் இதையே நம்பினால் ஆகாது.

ஐந்தாம் வகை: வரைபடம், வீடியோ, கடைக்குள் தேடல்

தேடல் என்றால் கூகுளின் வெள்ளைப் பெட்டி மட்டும் இல்லை. 'பக்கத்தில் இயற்கை அரிசிக் கடை' என்று தேடுகிறவருக்கு முதலில் வருவது வரைபடம். அதில் இடம் பிடிக்க இணையதளமே வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவு போதும். வாடிக்கையாளரை நேரில் பார்த்து விற்கிறவர்களுக்கு மட்டும்தான் அது. எங்கள் குழு வீட்டுத் திண்ணைக் கடையைப் பதிந்தோம். திறக்கும் நேரம், போட்டோ, போன் நம்பர். தஞ்சாவூர் போகிற வழியில் காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் இப்போது வருகிறார்கள்.

யூடியூபுக்குள் தேடுவது தனி உலகம். அங்கே ரோபோவுக்குத் தலைப்பும் விளக்கமும் வசன எழுத்தும்தான் சாப்பாடு. 'எங்கள் வயல் 3' என்று தலைப்பு வைத்தால் யாருக்குத் தெரியும்? 'பூங்கார் நெல் நடவு – 20ஆம் நாள் கோனோவீடர் ஓட்டுவது' என்று வைத்தால் அதைத் தேடுகிறவர் கண்ணில் படும்.

அமேசான் மாதிரிக் கடைகளுக்கும் உள்ளே ஒரு தேடுபொறி இருக்கிறது. அது விற்பனை, விலை, இருப்பு, வாங்கியவர்களின் கருத்து என்று வேறு கணக்குப் பார்க்கும். அங்கே போனால் கடைக்காரரின் கமிஷனும் விதியும் நமக்குக் கட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கட்டவில்லை, போகவில்லை.

கடைசியாக வந்தது, பதில் சொல்லும் இயந்திரம். சாட்ஜிபிடி போன்றவையும், 2024-ல் இந்தியாவுக்கு வந்த கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் பத்து இணைப்புகளைக் காட்டுவதற்குப் பதில் தாங்களே பதிலாகச் சொல்லிவிடுகின்றன. கீழே சில தளங்களைச் சுட்டுகின்றன. நம் எழுத்தை எடுத்துக்கொண்டு ஆள் நம் வாசலுக்கு வராமலே போகலாம் என்பது உண்மையான கவலை. ஆனால் அந்த இயந்திரமும் யாரோ எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறது. நம் வயலைப் பற்றி நாம் எழுதாவிட்டால், அடுத்தவர் எழுதியதைச் சொல்லும்.

ரோபோவுக்குப் புரியாத தமிழ்

டிக்கை எடுத்தும் பாதிப் பக்கங்கள் தேடலில் வரவில்லை. மருமகன் மறுபடி பார்த்தான். "மாமா, உங்க பக்கத்துல எழுத்தே இல்லையே. எல்லாம் படம்!"

ரக விவரம், விலை, சமைக்கும் முறை எல்லாவற்றையும் அழகாக நோட்டீஸ் மாதிரி வடிவமைத்துப் படமாகப் போட்டிருந்தோம். நம் கண்ணுக்கு எழுத்து; ரோபோவுக்கு அது முதலில் ஒரு படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்கக் கூடாது. இன்னொரு தப்பு, பழைய கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவில் அடித்து அப்படியே ஏற்றியிருந்தோம். அச்சில் தமிழாகத் தெரிவது, ரோபோவுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். நம் இயக்கத் தோழர்கள் பலரிடம் 20 வருட அனுபவம் பாமினி கோப்புகளில் தூங்குகிறது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தயவு செய்து மாற்றுங்கள்.

அடுத்து, பெயர். கருப்புக் கவுனி என்று நான் எழுதுகிறேன். கருப்பு கவுணி என்றும் கறுப்புக் கவுனி என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவர்கள்தான் நகரத்தில் அதிகம். ஒரு பக்கத்தில் இந்த வேறுபாடுகளை இயல்பாக ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

யூரியா போட்ட தளங்கள்

அந்த நிறுவனம் செய்த ஒரே வேலை, யார் கண்ணுக்கும் தெரியாத 'கீவேர்டு' பகுதியில் 200 சொற்களைத் திணித்தது. தரவரிசைக்கு அந்தப் பகுதியைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

இன்னும் மோசமான வழிகளும் உண்டு. ஒன்றையொன்று சுட்டிக்கொள்வதற்காகவே நூற்றுக்கணக்கில் வெற்றுத் தளங்களை உருவாக்கிப் பொய் ஜாமீன் கொடுப்பது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'லிங்க் ஃபார்ம்'. காசுக்குக் குப்பைக் கட்டுரைகளை உற்பத்தி செய்வது 'கன்டென்ட் ஃபார்ம்'. பண்ணை என்ற நல்ல சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள்! 2011-ல் பாண்டா, 2012-ல் பெங்குவின் என்று பெயர் வைத்த மாற்றங்களைக் கூகுள் கொண்டுவந்தபோது, இப்படி ஏறிய தளங்கள் பல தரை தட்டின. யூரியா போட்ட பயிர் முதல் மாதம் கரும்பச்சையாக நிற்கும். பிறகு பூச்சி வரும், காற்றடித்தால் சாயும். நமக்குத் தெரியாத பாடமா இது?

நாங்கள் செய்தது

குழுவில் உட்கார்ந்து, வாங்குகிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினோம். கவுனி அரிசியை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்? மாப்பிள்ளைச் சம்பா ஏன் சிவப்பாக இருக்கிறது? தீட்டாத அரிசியில் வண்டு வந்தால் என்ன செய்வது? வாரம் ஒரு கேள்விக்கு, பேசுவது மாதிரியே, எங்கள் அனுபவத்திலிருந்து ஒரு பக்கம் எழுதினோம். விளைவித்தவர் பெயர், ஊர், விதைத்த மாதம், என்ன இடுபொருள் கொடுத்தோம் என்று கீழே போட்டோம். வண்டு வந்ததை மறைக்கவில்லை. வந்தது, வெயிலில் காயவைத்துப் புடைத்தோம் என்றே எழுதினோம்.

ஐந்தாறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மண் உயிர் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கத் தெரிந்தவர்கள்தானே நாம், காத்திருந்தோம். பிறகு மெதுவாக ஆட்கள் வந்தார்கள். 'அரிசி' என்று தேடினால் இன்றும் எங்கள் பெயர் வராது, வரவும் வேண்டாம். 'கருப்புக் கவுனி எத்தனை மணி நேரம் ஊறவைப்பது' என்று தேடினால் முதல் பக்கத்தில் வருகிறது. ராத்திரி ஊறவைத்து மறுநாள் வேகவைக்கச் சொல்லும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மட்டும் இதுவரை 23 குடும்பங்கள் வாடிக்கையாளர்களாகி இருக்கின்றன. மூட்டைக்குப் போன அரிசியில் கால் பங்கு இப்போது நேராக வீடுகளுக்குப் போகிறது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கால் பங்கின் விலையை நிர்ணயிப்பது நாங்கள்.

22,000 ரூபாய் திரும்பக் கிடைக்கவில்லை. பாதியை என் ஓய்வூதியத்திலிருந்து பொதுப் பணத்தில் கட்டினேன். மீதியையும் கட்டுகிறேன் என்றேன். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

யாராவது உங்கள் தளத்தை முன்னுக்குக் கொண்டுவருகிறேன் என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேடுபொறி, பெயர் சொல்லுங்கள். அது ரோபோ படிப்பதா, ஆள் எழுதுவதா, கடன் வாங்கிக் காட்டுவதா, ஏலம் போடுவதா? பணம் நின்ற பிறகும் நிற்குமா? பதில் வராவிட்டால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போன மாதக் கூட்டத்தில் அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, பத்து பேரு கேட்டீங்களே" என்று கூகுள், பிங்கில் தொடங்கிப் பத்துப் பெயரையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிதான் தம்பி. நம்மளுக்கு ரெண்டு போதும்னு சொல்றீங்க. அடுத்த வாரம் என் பூங்கார் பத்தி எழுதுங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

எழுதிக்கொண்டிருக்கிறோம்.